ஒரு பாதுகாப்புக்கு

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் பெனிட்டா. கோவையில், சிங்காநல்லூர் பக்கம் பட்டறை வைத்துப் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுகிறவர். சீடர் வெள்ளிங்கிரி, பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டீசல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் தர்ஷிணி கார்ப் பந்தயம் ஓட்டுகிறாள். மகள் ஓட்டப்போகும் எஞ்சினில் வேற்றாள் கை படக்கூடாது என்று மனிதருக்குப் பிடிவாதம். அதற்காகவே ஒரு வருஷத்துக்கு முன்னால் பெனிட்டாவின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"தொழிலெல்லாம் தெரியுமுங்க அம்மணி. இந்த ரேஸ் வண்டி சமாச்சாரம் மட்டும் சொல்லிக் குடுத்தீங்கன்னா போதும்."

தொழில் தெரிந்த லட்சணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒரு போல்ட்டை இறுக்கச் சொன்னார் பெனிட்டா. வெள்ளிங்கிரி இறுக்கினார். பிறகு மனசு கேட்காமல் இன்னொரு கால் சுற்று கூட்டினார். போல்ட்டின் தலை ஸ்பேனரோடு கையில் வந்துவிட்டது.

"கடைசியா ஒரு சுத்து எதுக்குங்ணா?"

"கழண்டுறக் கூடாதுங்களே. ஒரு பாதுகாப்புக்கு."

பெனிட்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சரியான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இது சொன்னா நிறுத்திக்கோணும். அவ்வளவுதான்."

அதன் பிறகு வெள்ளிங்கிரி ஒழுங்காகத்தான் கற்றுக்கொண்டார். பிஸ்டன்களை நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் வைத்து நிறுத்தார். முடி கனம் இடைவெளியை மூன்று தடவை அளந்தார். குருவுக்கென்று வீட்டிலிருந்து ஒரு டப்பா அரிசிம்பருப்பு சாதம் தினமும் வந்தது. அதில் நெய் குறைந்தால் அன்றைக்கு வெள்ளிங்கிரிக்கு முகமே சரியிருக்காது. அப்படியொரு பிரியம் அந்தப் பெண் மேல்.

கடைசியில் தர்ஷிணியின் எஞ்சினை அவர் கையாலேயே கட்டும் நாள் வந்தது. அவர் தனியாகக் கட்டும் முதல் எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை போட்டி.

எஞ்சினுக்கு ஹெட் என்கிற மேல்மூடியை மாட்டவேண்டிய செவ்வாய்க்கிழமை காலையில், வீட்டில் தர்ஷிணி காப்பி குடித்துக்கொண்டே போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பயிற்சியில் அவள் ஓட்டியது.

"பாருப்பா, நூத்தி அறுபதுல போறேன். இந்த எஞ்சினே இப்படின்னா, நீ கட்றது எப்படிப் போகும்!"

வெள்ளிங்கிரி வீடியோவை முழுசாகப் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

எஞ்சினின் உடம்பான பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கேஸ்கெட் என்று ஒரு தகடு வரும். மெல்லியதாகப் போட்டால் எஞ்சினுக்குள் அமுக்கம் கூடும், வேகமும் கூடும். தடித்ததைப் போட்டால் இரண்டும் குறையும். அன்றைக்குப் பட்டறையில் பெனிட்டா மெல்லியதை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். வெள்ளிங்கிரி அதை அலமாரிக்குள் தள்ளிவிட்டு, தடித்த ஒன்றைப் போட்டு மூடினார். போல்ட்டுகளையெல்லாம் 'டக்' சத்தம் கேட்கும்வரை இறுக்கினார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிள்ளை தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும், முழுசாக வீடு வந்து சேர்ந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு. பெற்ற மனசு, வேறென்ன சொல்ல.

மறுநாள் பெனிட்டா கேஜை மாட்டி அமுக்கம் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றைந்து காட்டவேண்டிய முள் நூற்று எழுபத்தைந்தில் நின்றது. அடுத்த சிலிண்டரிலும் நூற்று எழுபத்தைந்து. மூன்றாவதிலும், நான்காவதிலும் அதேதான். கை தவறியிருந்தால் ஒன்றிரண்டில்தான் காட்டும். நான்கிலும் ஒரே அளவு குறைவது தவறால் வருகிற காரியமில்லை.

பெனிட்டா கேஜைக் கழற்றித் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினார்.

வெள்ளிங்கிரிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. டீ வந்தது, தேங்காய் பன் வந்தது. இரண்டையும் அவர் தொடவில்லை.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ணா."

"இத்தன வேகமாப் போற எஞ்சினைக் கட்டி அடுத்தவங்க கையில குடுத்துட்டு, பயமில்லாம எப்படீங்க இருக்கறீங்க?"

பெனிட்டா பன்னை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல சாப்பிடுங்க. நாளைக்குக் காலையில ட்ராக்குக்கு வந்துருங்க. என் காரை நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அந்தக் கார் அவருக்குப் பழகிய கார். ஒரு வருஷமாகச் சாமான் வாங்க அதைத்தான் ஓட்டிப் போகிறார். எவ்வளவு மிதித்தால் எவ்வளவு சீறும் என்று அவர் காலுக்கே தெரியும். மறுநாள் காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உற்சாகமாகவே உட்கார்ந்தார். ஒரு சுற்று நிதானமாகப் போனார். இரண்டாவது சுற்றில் முன்னால் ஒரு பயிற்சிக் கார் போய்க்கொண்டிருந்தது.

"அதைத் தாண்டுங்ணா," என்றார் பெனிட்டா.

வெள்ளிங்கிரி கண்ணால் தூரத்தை அளந்தார். வளைவு வருவதற்குள் தாராளமாக இடம் இருந்தது. பக்கவாட்டில் ஏறினார். பாதிக் கார் தாண்டிவிட்டது. இனி முழுசாக மிதித்தால் வேலை முடிந்தது.

மிதித்தார். பெடல் பாதியில் முட்டிக்கொண்டு நின்றது.

இன்னும் அழுத்தினார். கார் அதே வேகத்தில்தான் போயிற்று. பக்கத்துக் காரும் விடாமல் ஒட்டிக்கொண்டே வந்தது. இரண்டு கார் சேர்ந்து நுழைய இடமில்லாத அந்த வளைவு எதிரே நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிங்கிரி பிரேக்கை மிதித்து, கார் குலுங்க அந்தப் பயிற்சிக் காரின் பின்னால் ஒடுங்கினார். உயிர் போய் உயிர் வந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். பெடலுக்குப் பின்னால் ஒரு சின்ன மரத்துண்டு, டேப் சுற்றி ஒட்டியிருந்தது. பிடுங்கிக் கையில் எடுத்தார்.

"யாரு வெச்சது இதை?"

"நாந்தானுங்ணா."

"எதுக்குங்க?"

"உங்களுக்குச் சர்க்கரை இருக்குது. வயசும் ஆகுது. மெதுவாப் போகட்டும்னு, ஒரு பாசத்துலதான் வெச்சேன்."

வெள்ளிங்கிரிக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாகக் குருவிடம் குரலை உயர்த்தினார்.

"பாசமிருந்தா இப்படியா பண்ணுவாங்க? ஸ்டீயரிங்கைப் புடிச்சிருக்கறவன் நானுங்க! மிதிச்சா வண்டி போகும்னு நம்பித்தானே ஏறுனேன்? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

பெனிட்டா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தர்ஷிணிகிட்ட நீங்க சொல்லிட்டீங்களாணா?"