மணிக்கூண்டுப் புறா ஏன் பதறிப் பறக்கிறது

பறவைகளும் மணிக்கூண்டுகளும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், புறாவைப் போல நிதானமான பறவை கிடையாது. காதருகே மணி அடித்தாலும் கண்ணைத் திறக்காது. கூடு கட்டும் லட்சணம் மட்டும் அன்றைக்கும் இதேதான்.

ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை. ஊர் நடுவே இருந்த மணிக்கூண்டில் பதினொரு மணி அடித்து ஓய்ந்தது. மழைக்கு ஒதுங்கிய ஒரு புறா அங்கே நாலு குச்சியைப் போட்டு, மணிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் முட்டையிட்டுவிட்டது. இட்ட பிறகுதான் அதற்கு உறைத்தது.

"அண்ணாச்சி, பன்னெண்டு அடிச்சிராதீங்க. என் முதல் முட்டை," என்று அழுதது.

"இடம் பாத்து இட்டியே, மகராசி!" என்று சலித்துக்கொண்டது கடிகாரம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பெரிய முள்ளைப் பன்னிரண்டுக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிவது பன்னிரண்டுக்கு. ஊரில் வேறு கடிகாரம் இல்லை. வானமும் மூடிக் கிடந்தது. கடை திறக்க வந்தவன் சாவியோடு நின்றான். பெண் பார்க்கக் கிளம்பியவர்கள் வாசற்படி தாண்டவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

கூண்டின் அடியில் பூக்கட்டும் வடிவு வலியில் துடித்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள்.

"இசக்கி மாமா, வண்டிய எடுங்க!" என்று கெஞ்சினான் அவள் புருஷன்.

"ராகு காலத்துல பிள்ளத்தாச்சிய ஏத்தச் சொல்லுதியாடே? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா? இந்தா, இப்ப அடிச்சிரும்," என்றார் குதிரை வண்டிக்காரர் இசக்கி. கடிவாளத்தைப் பிடித்தபடி முள்ளையே அண்ணாந்து பார்த்தார்.

மேலே புறாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ராகு காலம் இன்னுமா இருக்கு, அண்ணாச்சி?"

"அது போயி எவ்வளவோ நேரமாச்சு. நான்தான் முள்ளைப் பிடிச்சு வச்சிருக்கேன்."

வடிவு மறுபடி அலறினாள். புறா முட்டையை அலகால் தள்ளிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கீழே விழும். சிறகால் ஒருமுறை மூடிக்கொண்டது. பிறகு விலகி நின்றது.

"அடிங்க."

கடிகாரம் தயங்கியது.

"அடிங்கன்னா அடிங்க, அண்ணாச்சி!"

மணி அடித்தது. வண்டி பறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பாவம், புறாவுக்கு அது தெரியாது. முதல் அடியிலேயே அது படபடவென்று எழும்பிக் கூண்டைச் சுற்றத் தொடங்கியிருந்தது.

அன்றைக்குப் பிடித்த பதற்றம்தான். இன்றும் மணி அடித்தால் புறாக்கள் அலறியடித்து எழும்புகின்றன. ஓய்ந்ததும், ஊரில் எத்தனையோ இடம் இருக்க, சுத்தியலடியிலேயே வந்து இறங்கி அந்த முட்டையைத் தேடுகின்றன.