எட்டிலிருந்து ஒரு கவட்டை

"வேதமுத்துவைவிட நான் எதில் குறைச்சல்?" என்று கேட்டார் கோயில்பிள்ளை.

எஸ்தர் பித்தளை எண்களைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுலன்னு சொன்னா திருத்திக்கிடுவீங்களா அண்ணாச்சி? இல்ல, அவனைப் போட்டு அடிப்பீங்களா?"

கோயில்பிள்ளை யோசித்தார். இரண்டுக்கும் மனம் இருந்தது.

"சொல்லுங்க" என்றார்.

"எதுலயும் குறைச்சல் இல்ல."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

*

எஸ்தர் கோபுரக் கடிகாரங்கள் செய்பவர். நாற்பது வயது. ஆற்றங்கரை ஊரின் கடைத்தெரு முடிவில் அவருடைய பட்டறை இருந்தது.

கோபுரக் கடிகாரத்தின் முகப்பில் ரோமன் எண்கள்தான் இருக்கும். பட்டறையில் அவற்றுக்கு வேறு பெயர்கள். நிமிர்ந்து நிற்கும் I குச்சி. V கவட்டை. X கத்தரி. பன்னிரண்டு மணியையும் இந்த மூன்றை வைத்தே எழுதிவிடலாம்.

கோயில்பிள்ளை இருபத்திரண்டு வருடம் கடைகளுக்குப் போர்டு எழுதியவர். நாற்பத்தேழு வயதில் அதை விட்டுவிட்டு, தன்னைவிட இளையவரிடம் வேலை கற்க வந்திருந்தார். அண்ணன் தம்பிகள் சிரித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து வேதமுத்து வந்தான். வேலி கட்டுகிறவன். பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவான்.

இவன் எங்கே கற்கப் போகிறான் என்று கோயில்பிள்ளை நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதி ஒரு வாரம் இருந்தது.

*

கோயில்பிள்ளை ஒன்று முதல் நூறு வரை ரோமன் எண்களைப் பலகையில் எழுதிக் காட்டினார். போர்டு எழுதிய கை. ஒரு கோடு கோணவில்லை.

"நல்லா இருக்கு" என்றார் எஸ்தர். "கடிகாரத்துல எத்தனை மணி அண்ணாச்சி?"

"பன்னிரண்டு."

"அப்ப மிச்சத்தை அழிச்சிருங்க. பலகை வேணும்."

பக்கத்தில் நின்ற வேதமுத்து சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோயில்பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

*

இன்னொரு நாள் எஸ்தர் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டார்.

"வேதமுத்து, ஆறு வை."

அவன் வட்டத்தின் கீழ்ப்பக்கம் போய் ஒரு கவட்டையையும் ஒரு குச்சியையும் தலைகீழாக வைத்தான்.

"சபாஷ்" என்றார் எஸ்தர்.

"தலைகீழா வச்சிருக்கான்!" என்றார் கோயில்பிள்ளை.

"எண்ணோட கால் நடுவைப் பாத்து நிக்கணும் அண்ணாச்சி. ஆறு கீழே இருக்கு. அது தலைகீழாத்தான் நிக்கும்."

"இது எனக்குத் தெரியாதா? முதல்ல என்கிட்ட கேட்டிருந்தா நானும் வச்சிருப்பேன்."

"நாளைக்கு உங்ககிட்ட கேக்கேன்."

மறுநாள் கேட்டார். கோயில்பிள்ளை சரியாக வைத்தார். எஸ்தர் சபாஷ் என்றார்.

அது நேற்றைய சபாஷ் மாதிரி இல்லை என்று அவருக்குப் பட்டது.

*

வேதமுத்து எஸ்தரை அக்கா என்று கூப்பிட்டான். எஸ்தர் அவனை வா, போ என்றார். கோயில்பிள்ளை வயதில் மூத்தவர். அவரால் அக்கா என்று கூப்பிட முடியாது. எஸ்தரும் அவரை வாங்க, போங்க என்றுதான் சொல்ல முடியும்.

இதையும் அவர் கணக்கில் வைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் எஸ்தரிடம் போனார்.

"சின்ன எண் பெரிய எண்ணுக்குப் பின்னால நின்னா கூட்டணும். முன்னால நின்னா கழிக்கணும். நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா."

"எனக்குப் பிந்தி வந்தவன் எனக்கு முன்னால வந்து நிக்கான். நான் குறைஞ்சு போனேன்."

எஸ்தர் ஒரு குச்சியை எடுத்து ஒரு கத்தரிக்கு முன்னால் வைத்தார்.

"இது என்ன?"

"ஒன்பது."

"கத்தரி அழுவுதா?"

கோயில்பிள்ளை அன்று சாப்பிடவில்லை.

*

அந்த வாரம் ஒரு கடிகாரம் தயாரானது. அது கோயில்பிள்ளையின் சொந்த ஊர்க் கோயிலுக்கு. அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில்.

சனிக்கிழமை கோபுரத்தில் ஏறி எண்களைப் பதிக்க வேண்டும். எஸ்தரோடு ஒருவர்தான் சாரத்தில் நிற்க முடியும்.

கோயில்பிள்ளை ஊரில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. தம்பி பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை கோபுரத்தைப் பாரு. மேல நிக்கது யாருன்னு பாரு."

அவரை யாரும் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை வேதமுத்து எண்களையெல்லாம் துடைத்துப் பளபளப்பாக்கினான். பிறகு எஸ்தர் இருவரிடமும் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்.

"ஒரு முகப்புக்கு உண்டானது இதுல இருக்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. தரையில வட்டம் போட்டு அடுக்குங்க. முதல்ல சரியா முடிக்கிறவங்க என்கூட வாங்க."

கோயில்பிள்ளை உள் அறையில் உட்கார்ந்தார். வேதமுத்து பின்முற்றத்துக்குப் போனான்.

*

கோயில்பிள்ளை பன்னிரண்டிலிருந்து தொடங்கினார். பதினொன்று, பத்து, ஒன்பது. கை வேகமாக ஓடியது. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து.

நாலுக்கு ஒரு குச்சியை வைத்தார். கவட்டைக்காகப் பைக்குள் கையை விட்டார்.

கவட்டை இல்லை.

பையை உதறினார். குச்சிகள்தான் விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று மணிகளையும் வைத்து முடித்தார். இன்னும் மூன்று குச்சிகள் மிச்சம் இருந்தன.

நாலுக்கு ஒரு கவட்டை குறைகிறது. குச்சி மூன்று அதிகம்.

அப்போது பின்முற்றத்திலிருந்து குரல் கேட்டது.

"அக்கா, முடிச்சிட்டேன்."

"அண்ணாச்சியும் முடிக்கட்டும். நீ போய் மூணு பேருக்கும் டீ வாங்கிட்டு வா."

கோயில்பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் எண்களைத் துடைத்தது யார்? வேதமுத்து. ஒரு கவட்டையை எடுத்துக்கொண்டு, தெரியாமலிருக்க மூன்று குச்சிகளைப் போட்டுவைத்தது யார்? பெருவிரல்காரனுக்கு இவ்வளவு மூளையா!

அதிலும் அவருக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

வேதமுத்து தூக்குவாளியோடு தெருவில் இறங்கியதும் கோயில்பிள்ளை பின்முற்றத்துக்குப் போனார். அங்கே மணலில் முகப்பு முழுதாக இருந்தது. அவர் கவட்டைகளை மட்டும்தான் பார்த்தார். எட்டில் இருந்த கவட்டை கைக்கு எட்டியது.

என் பொருளை நான் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார்.

திரும்பி வந்து நாலில் வைத்தார். மிச்சமிருந்த மூன்று குச்சிகளையும் இடுப்பில் செருகிக்கொண்டார்.

*

வேதமுத்து டீ கொண்டுவந்தான். முதல் டம்ளரை அவரிடம்தான் நீட்டினான்.

"சூடா இருக்கு அண்ணாச்சி. பாத்துக் குடிங்க."

அவர் குடித்தார்.

வேதமுத்து பின்முற்றத்துக்குப் போனான். பிறகு பின்வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஒரு கவட்டையைத் தொலைச்சிட்டேன். எட்டு மூணாக் கிடக்கு."

"எங்கே போச்சு?"

"தெரியல. நான்தான் போகையில கால்ல தட்டி மண்ணுல தள்ளியிருப்பேன். தேடுதேன். அண்ணாச்சியைக் கூட்டிட்டுப் போங்க."

போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் மணல் சலிக்கும் சத்தம் கேட்டது.

எஸ்தர் உள்ளே வந்து கோயில்பிள்ளையின் வட்டத்தைச் சுற்றி நடந்தார். ஒருமுறை. இன்னொருமுறை.

"அழகா இருக்கு அண்ணாச்சி. ரெண்டு பையும் நான்தான் கட்டினேன். ஒவ்வொண்ணுலயும் இருபது குச்சி, நாலு கத்தரி, நாலு கவட்டை."

கோயில்பிள்ளை தன் வட்டத்தைப் பார்த்தார். நாலில் ஒரு கவட்டை. ஐந்தில் ஒன்று. ஆறில், ஏழில், எட்டில்.

ஐந்து.

"கொஞ்சம் வாசலுக்கு வாங்க" என்றார் எஸ்தர்.

வாசலில் நின்றால் கடைத்தெருவின் மணிக்கூண்டு தெரியும். அதன் அடியில்தான் கோயில்பிள்ளை இருபத்திரண்டு வருடம் போர்டு எழுதினார்.

"நாலு மணி எப்படி இருக்கு?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நாலு குச்சி."

"புத்தகத்துல நாலுன்னா ஒரு குச்சியும் கவட்டையும். கோபுரத்துல நாலு குச்சி. எதிர்ப்பக்கம் எட்டு கனமா நிக்குதுல்லா, அதுக்கு ஈடா இங்கேயும் நாலு குச்சி நிக்கணும். அவன் அந்தக் கடிகாரத்தைப் பாத்துதான் வச்சான். வேற எதுவும் அவனுக்குத் தெரியாது."

கோயில்பிள்ளை இடுப்பிலிருந்து மூன்று குச்சிகளை எடுத்தார். உள்ளே போய் நாலில் வைத்தார். அங்கிருந்த கவட்டை கையில் மிஞ்சியது.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"அவன் தேடுதான்" என்றார் எஸ்தர். "போய் நீங்களும் தேடுங்க."

*

வேதமுத்து மண்டியிட்டு மணலைக் கையால் அரித்துக்கொண்டிருந்தான். சாக்கடை ஓரம்வரை தோண்டியிருந்தான். நகக்கண்ணில் மண்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி? வெள்ளை வேட்டி" என்றான். இருந்தாலும் நகர்ந்து இடம் கொடுத்தான்.

கோயில்பிள்ளை பக்கத்தில் மண்டியிட்டார். மூடிய கையை மணலுக்குள் விட்டார். அதைத் திறந்தார். வெறுங்கையை வெளியே எடுத்தார்.

கொஞ்ச நேரம் இருவரும் தேடினார்கள்.

"கிடைச்சிட்டு!" என்று கத்தினான் வேதமுத்து. கவட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்தான். "அக்கா, கிடைச்சிட்டு! அண்ணாச்சி வந்து கை வச்சாவ, கிடைச்சிட்டு!"

எஸ்தர் பின்வாசல் நிலையில் வந்து நின்றார்.

"சனிக்கிழமை அண்ணாச்சியே வரட்டும்க்கா. நான் ஒரு சாமானைக் காப்பாத்தத் தெரியாதவன். மேல இருந்து கீழ போட்டுட்டா? அதுவும் அவங்க ஊருக் கோயில்லா."

"அண்ணாச்சி, வாரீங்களா?" என்று கேட்டார் எஸ்தர்.

ஊர் முழுக்கச் சொல்லி வைத்தது. தம்பி பொண்டாட்டி அண்ணாந்து பார்க்கப் போவது. வாரேன் என்று ஒரு சொல் போதும்.

வேதமுத்து கவட்டையை வாயால் ஊதினான். சட்டை நுனியால் துடைத்தான். எட்டில் அதன் இடத்தில் வைத்து, இரண்டு விரலால் நேராக்கினான்.

இந்த மனிதனுக்கு யார்மேலும் சந்தேகமே வராதா என்று கோயில்பிள்ளை நினைத்தார். இதுவரை அவனிடம் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. பொறாமைப்பட வேண்டியது இதற்குத்தான்.

"வேதமுத்து."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அது மண்ணுல கிடக்கல."

"பெறவு?"

"உன் எட்டுல இருந்து நான்தான் எடுத்தேன். என் நாலுல வச்சேன். இப்ப மண்ணுல போட்டதும் நான்தான்."

வேதமுத்து அவரையே பார்த்தான். அவன் நெற்றி சுருங்கியது. எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பதுபோல உதடுகள் அசைந்தன. கோயில்பிள்ளை தலையைக் குனிந்து காத்திருந்தார்.

"நாலுக்கு எதுக்கு அண்ணாச்சி கவட்டை?" என்று கேட்டான்.