நாலு காற்றும் அடைத்த இறக்கை

ஆமைக்குடா என்று ஒரு கடற்கரை ஊர். அந்த ஊர்க்காரர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

அங்கே கஸ்பார் என்று ஒருத்தன். ஆறடி உயரம், அதற்குத் தகுந்த மீசை. அவனுக்கு ரெஜினா மேல் உயிர். அவளுக்கும் அப்படித்தான். நடுவில் நின்றவர் ரெஜினாவின் அப்பா தொம்மை பர்னாந்து.

தொம்மை கரையில் ஒரு கொட்டகை போட்டு, வெளியூர்க்காரர்களுக்குக் கடல் விளையாட்டு கற்றுக்கொடுக்கக் கிளம்பியிருந்தார். காற்றடைத்த இறக்கை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பலகைமேல் நிற்க வேண்டும். காற்று இழுத்தால் பலகை தண்ணீரைவிட்டு முழ உயரம் எழும்பிப் பறக்கும். அதுதான் விளையாட்டு. இறக்கை விற்கிறவர் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றைக் கொடுத்து, "எல்லாக் காற்றுக்கும் ஆகிற மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம் மாதிரி விறைப்பாகக் காற்றடியுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்" என்று மூன்று வாக்கியமும் சொல்லிவிட்டுப் போனார். பாவம், நல்ல மனுஷன்.

தொம்மை கஸ்பாரைக் கூப்பிட்டார். "நல்லதாப் பாத்து எடு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஊர் பாக்க அதோட போய்க் கடல்ல கட்டிக் கிடக்கிற அந்தச் சிவப்பு மிதவையைத் தொடு. தொட்டா ரெஜினா உனக்கு. தொடலைன்னா என் மூஞ்சியில முழிக்காதே."

கஸ்பார் தன் கூட்டாளிகள் இன்னாசியையும் தொபியாஸையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனான். ஆடி மாசம், மேற்கேயிருந்து கச்சான் காற்று சும்மா பிய்த்துக்கொண்டு அடித்தது. சின்ன இறக்கை தொபியாஸை அசைக்கக்கூட இல்லை. பெரியது இன்னாசியைத் தூக்கிக்கொண்டு போய் உப்பளத்தில் போட்டது.

"சின்னதுக்குத் தொபியாஸைப் பிடிக்கலை. பெரியதுக்கு இன்னாசியை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எனக்கு நடுத்தரம்தான்" என்றான் கஸ்பார்.

அடுத்து விறைப்பு. பம்பால் இறக்கையில் இன்னும் காற்றடித்து, கோயில் பேண்டு டிரம்மை இரவல் வாங்கி வந்து, இறக்கையையும் டிரம்மையும் பக்கத்தில் வைத்து மாறி மாறி அடித்துப் பார்த்தார்கள். நாற்பதாவது அடியில் டிரம் கிழிந்தது.

"இறக்கை ஜெயிச்சிடுச்சு" என்றான் தொபியாஸ். டிரம்மைத் திருப்பிக் கொடுக்கும்போது பேண்டுக்காரருக்கும் அந்த நல்ல செய்தியைச் சொன்னார்கள். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

அப்புறம்தான் பெரிய பிரச்சினை வந்தது.

"எல்லாக் காத்துக்கும் ஆகணும்னு இறக்கை வித்தவர் சொன்னாரே, எல்லாக் காத்தும் இதுக்குள்ள இருக்கா?" என்று கேட்டான் கஸ்பார். "நாம அடிச்சது வெறும் கச்சான்தானே?"

மூவரும் மணலில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கிழக்கேயிருந்து வர்ற கொண்டல் வேணும், தெற்கேயிருந்து வர்ற சோழகம் வேணும்" என்றான் தொபியாஸ். "வடக்கேயிருந்து வாடை வர மார்கழி ஆகுமே. ஞாயித்துக்கிழமை அதுக்கு முன்னாலயே வந்துடுதே?"

இன்னாசி காதிலிருந்த உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மார்கழியில வாடை வடக்கேயிருந்து கிளம்பி வருது. அப்போ இப்ப அது எங்க இருக்கும்? வடக்கே அது வீட்டுல இருக்கும். பம்பை வடக்கே திருப்பி வச்சு இழுத்தா வராமலா போகும்?" என்றான்.

கஸ்பார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கூட்டாளி என்றால் இவனல்லவா கூட்டாளி!

இறக்கையைக் காலி செய்து, பம்பைத் திசைக்கு இருபத்தைந்து தடவை திருப்பித் திருப்பி அடித்தார்கள். தெற்குப் பக்கம் அடிக்கையில் தொபியாஸ் தும்மினான். தும்மல் எந்தத் திசைக் காற்று என்று தெரியாததால் மறுபடியும் காலி செய்து முதலிலிருந்து அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கரையில் நின்றது. ரெஜினா முன்வரிசையில். கஸ்பார் மார்பை நிமிர்த்திக்கொண்டு பலகையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். அந்த நேரம் பார்த்துக் காற்று செத்துப்போனது. ஒரு இலை ஆடவில்லை. முதுகை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் கஸ்பார் நின்ற இடத்திலேயே செக்குமாடாகச் சுற்றினான்.

"காத்து இல்லையேடா, நாளைக்குப் பாப்போம்" என்று தொம்மை கத்தினார்.

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்களே மாமா! காத்து உள்ள இருக்கு" என்று சொல்லி, கஸ்பார் இறக்கையின் மூடியைத் திறந்துவிட்டான்.

புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது.

"எது முதல்ல வருது?" என்று கரையிலிருந்து இன்னாசி கேட்டான்.

"கொண்டல்! ஈரமா இருக்கு!"

நாலு காற்றும் வந்து தீர்ந்தது. அவன் மீசை மட்டும் காய்ந்தது. பலகை ஒரு விரல்கடை நகரவில்லை. கையில் இறக்கை ஈரத்துணியாகத் தொங்கியது. மிதவை அங்கேயே இருந்தது. ரெஜினா இனி தனக்கில்லை என்று கஸ்பாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது தொபியாஸ் கேட்டான்: "இன்னாசி, மாமா என்ன சொன்னாரு? கஸ்பார் மிதவையைத் தொடணும்னுதானே?"

"ஆமா."

"இவன் நகர மாட்டேங்கிறான். மிதவை சும்மாதானே கிடக்கு?"

இரண்டு பேரும் தொபுக்கென்று குதித்து நீந்திப்போய், மிதவையை நங்கூரக் கயிற்றிலிருந்து அவிழ்த்து இழுத்து வந்தார்கள். கஸ்பார் தொட்டான். மறுபடி இழுத்துப்போய்ப் பழைய இடத்தில் கட்டினார்கள்.

தொம்மை நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். "நானும் அறுபது வருஷமாக் கடலைப் பாக்கிறேன். காத்தே இல்லாதப்போ, நின்ன இடத்துக்கே மிதவையை வரவழைச்ச இறக்கையை இன்னைக்குத்தான் பாக்கிறேன். இதுதான் எல்லாக் காத்துக்கும் ஆகும். மத்த ரெண்டையும் திருப்பிக் கொடுத்துடுங்க. பொண்ணு உனக்குத்தான் மாப்ளே!"

"அவர் நின்ன இடத்தை விட்டு அசையாத மனுஷன்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா" என்றாள் ரெஜினா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தை மாசம் கல்யாணம். கோயிலில் மணி அடித்தாயிற்று. பெண் பீடத்தருகே நிற்கிறாள், சாமியார் புத்தகத்தை விரித்துவிட்டார், மாப்பிள்ளையைக் காணோம். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு கடலில் இடுப்பளவு தண்ணீரில், கையில் காலி இறக்கையுடன் நின்றுகொண்டிருந்தான். கோயில் வாசல் தூணில் இன்னாசியும் தொபியாஸும் கயிற்றைக் கட்டி, கடல் பக்கமாக மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவாடா! மெதுவா இழுங்கடா!" என்று கஸ்பார் பதறிப்போய்க் கத்தினான். "உள்ள ரெஜினா நிக்கிறா, விழுந்துடப் போறா!"