சொட்டு இறங்காத தரை

ஒரு காட்டில், ஓடைக்கரை மேட்டில் ஒரு பெருச்சாளி இருந்தது, பிள்ளைகளே. அப்பா விட்டுப்போன பழைய வளைதான் அதற்கு வீடு. போன மழையில் அதுவும் பாதி இடிந்துவிட்டது.

மனைவிப் பெருச்சாளியோ பிள்ளைத்தாய்ச்சி. "ஏங்க, ஐப்பசி மழைக்கு முன்னே வீட்டைக் கட்டி முடிச்சிடுங்க. ஈரத்திலே பிறந்தால் குட்டிங்க பிழைக்காது" என்றது.

"கட்டுறேன் பார்! இந்தக் காடே மூக்கில் விரல் வைக்கும்" என்றது பெருச்சாளி.

வேலை தொடங்கிய அன்றே ஓடை நண்டு வந்தது. வளைகளுக்கு வடிகால் தோண்டித் தருவது அதன் தொழில்.

"தம்பி, உங்க அப்பா காலத்திலே, மழைத்தண்ணி வெளியே போக இந்தத் தரைக்கு அடியிலே ஒரு வடிகால் தோண்டினேன். இப்போ தூர்ந்து கிடக்கு. தரை போடுறதுக்கு முன்னே திறந்துவிட்டுடலாம். ஒரு நாழிகை வேலைதான்."

"முதல்லே வீடு ஆகட்டும் அண்ணே. வர்ற விருந்தாளி என் தரையைப் பார்ப்பானா, சாக்கடையைப் பார்ப்பானா?"

"வெள்ளம் வருமுன்னே அணை போடணும் தம்பி. தரை போட்டுட்டா..."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். நீங்க சேற்றுக் காலோட உள்ளே வராதீங்க, போங்க!"

நண்டின் முகம் சுருங்கிப் போயிற்று. பக்கவாட்டில் நகர்ந்து தன் பொந்துக்குப் போய்விட்டது.

"அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாமே" என்றது மனைவி.

"உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு."

பெருச்சாளி செம்மண்ணைக் குழைத்தது. காட்டெருமைச் சாணத்தைச் சேர்த்தது. வாலால் தட்டி, வயிற்றால் தேய்த்து, எட்டு நாள் மெழுகியது. கடைசியில் தரைமேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்த்தது. அது உள்ளே இறங்காமல் அப்படியே நின்றது.

"சொட்டு இறங்காத தரை! யார் வீட்டில் உண்டு?" என்று குதித்தது. பாவம், சொட்டு இறங்காத தரையில் மழை இறங்குமா என்று அது யோசிக்கவே இல்லை.

குடிபுகும் நாள் வந்தது. முயல், ஆமை, அணில், தவளை எல்லாரும் வந்தார்கள்.

"காலைத் துடைச்சிட்டு வாங்க, காலைத் துடைச்சிட்டு!" என்று வாசலிலேயே நின்றது பெருச்சாளி. ஆமை நான்கு காலையும் துடைத்து முடிப்பதற்குள் விருந்தே ஆறிப்போயிற்று.

"நண்டண்ணனைக் காணோமே?" என்று கேட்டது தவளை.

"அவர் சேற்றுக் கால் இந்தத் தரைக்கு ஆகுமா? நான் கூப்பிடவில்லை."

சொல்லி வாய் மூடவில்லை, இடி இடித்தது. மழை கொட்டியது. வாசல் வழியே வந்த தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே தேங்கியது. கணுக்கால் நனைந்தது, பிறகு முழங்கால்.

"அட! வீட்டுக்குள்ளேயே குளமா? நல்ல வசதி!" என்று நீந்தியது தவளை. அணில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"கொஞ்ச நேரத்திலே வடிஞ்சிடும்" என்று முணுமுணுத்தது பெருச்சாளி. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அப்போது மூலையில் இருந்த மனைவி அலறியது. "ஏங்க, வலி எடுத்திடுச்சு! குட்டிகளை இந்தத் தண்ணியிலேயா பெறுவேன்?"

பெருச்சாளி மழையில் விழுந்தடித்து ஓடியது. நண்டின் பொந்து வாசலில் போய் நின்றது. "அண்ணே..." என்று மட்டும் சொல்லி அழுதது.

நண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கூடவே வந்தது. ஆனால் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. எட்டுக் காலையும் ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கியது.

"ஐயோ, வேண்டாம் அண்ணே!" என்று கதறியது பெருச்சாளி. "அப்படியே வாங்க, உங்க காலில் விழறேன்!"

"வடிகால் வாய் உன் தரைக்கு அடியிலே இருக்கு தம்பி. இவ்வளவு கெட்டித் தரையை என் கொடுக்கு உடைக்காது. உன் பல்தான் உடைக்கும்."

எட்டு நாள் மெழுகிய தரையைப் பெருச்சாளி தன் பல்லாலேயே பெயர்த்தது. விருந்தாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பெருச்சாளிக்கு. மெழுகித் தரை மூடிவிட்டதால் வடிகால் வாய் எங்கே என்று நண்டுக்கும் சரியாகத் தெரியவில்லை; மூன்று இடத்தில் உடைத்த பிறகுதான் அது அகப்பட்டது. நண்டு உள்ளே இறங்கி மண்ணை வாரி வெளியே தள்ளியது. தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

ஆனால் வீடெங்கும் ஈரம். பெயர்த்துப் போட்ட தரைக்கட்டிகளின் குவியல் மட்டும் ஈரத்துக்கு மேலே உயர்ந்து நின்றது. முயல் அதன்மேல் குட்டிகளுக்கென்று கொண்டுவந்து நனையாமல் மடியில் வைத்திருந்த காய்ந்த புல்லைப் பரப்பியது. அந்த உடைசலின் மேல்தான் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஐந்தும் பிழைத்தன.

அதன் பிறகு விருந்தாளி யார் வந்தாலும், பெருச்சாளி முதலில் வடிகாலைத்தான் காட்டும். "இது நண்டண்ணன் செய்தது. சுற்றி இருக்கிற ஓட்டை உடைசலெல்லாம் நான் செய்தது" என்று சொல்லும்போது அதன் தலை தானாகக் குனிந்துவிடும்.

நீதி: தரை மெழுகுமுன் தண்ணீருக்கு வழி விடு. "அப்புறம் பார்க்கலாம்" என்பவன் கட்டியதைத் தன் பல்லாலேயே இடிப்பான்.