ஓரக்கூண்டு

பந்தயப் புறா வளர்க்கும் சாதுல்லாவுக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் தணிகாசலம். வயதில் சீடர்தான் மூத்தவர். அதனால் வாத்தியார் அவரை அண்ணே என்பார். அவர் வாத்தியாரே என்பார்.

ஒருநாள் மத்தியானம் தணிகாசலம் ஒரு துணிப்பையோடு மொட்டைமாடிக்கு ஏறி வந்தார்.

"இனிமே இங்கயே படுத்துக்கறேன் வாத்தியாரே. கூண்டுங்களுக்குக் காவலா இருக்கும்."

"பூனைகூட ஏறாத மாடிக்குக் காவலா? அண்ணி தொரத்திட்டாங்களா?"

"அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்ல."

தணிகாசலத்துக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, சில வாரங்களுக்கு முன் பிறந்த பிள்ளை. பிறந்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தவர்தான். இப்போது அவர் முகம் உப்பிக் கிடந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சு. புள்ளைய தூக்கினா ஒண்ணுமே தோணல. எவனோட சாமானையோ கையில வச்சிருக்கற மாதிரி இருக்கு. ஆட்டோ ஓட்டறப்போ சும்மாவே அழுகை வருது. பெத்தவ அவ. என் உடம்பு ஏன் இப்படி ஆகணும்?"

சாதுல்லா முறத்தில் புறாத் தீனிக்கான கம்பைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"காலையில அது வீல்னு கத்துச்சு. புடிச்சு உலுக்கிடுவேனோன்னு பயந்துட்டேன். பாயில போட்டுட்டு வந்துட்டேன். சீக்குப் புடிச்சவன் தனியா இருக்கறதுதானே எல்லாருக்கும் நல்லது?"

சாதுல்லா முறத்தைக் கீழே வைத்தார்.

"சாம்பல் ஆண்புறாவக் காணோமே?"

"முந்தாநாளே பிரிச்சு ஓரக்கூண்டுல போட்டுட்டேன். வாய்க்குள்ள வெள்ளையா, தயிர்க்கட்டி மாதிரி. தொண்டை நோய். குஞ்சுங்களுக்கு ஒட்டக்கூடாதில்ல?"

இந்தச் சில வாரங்களில் தான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று தணிகாசலம் நினைத்திருந்தார். அதுவரை பந்தயக் கூண்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சு பொரிக்கும் ஜோடிகளைச் சாதுல்லா அவர் பொறுப்பில் விட்டது இந்த முறைதான்.

ஓரக்கூண்டில் புறா உடம்பை உப்பவைத்துக்கொண்டு மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தீனி வைத்தபடியே இருந்தது. சாதுல்லா அதை எடுத்து அலகைப் பிரித்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியதை நீட்டினார்.

"மோந்து பாருங்க. நாத்தம் இருக்கா?"

"இல்ல."

"சீக்குன்னா நாறும். இது பால்."

தணிகாசலம் சிரித்துவிட்டார். "ஆண்புறாவுக்கா?"

"ஆணுக்கும்தான். பெட்டையோட பால் மட்டும் ரெண்டு குஞ்சுக்குப் பத்தாது. முட்டை மேல இதுவும் முறை வச்சு உக்காருதில்ல? குஞ்சு வெளிய வர்றதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள எல்லாம் மாறிடும். தொண்டை தடிக்கும். பறக்க விட்டா பாதியில எறங்கிடும். பாத்தா சீக்கு மாதிரிதான் இருக்கும்."

தணிகாசலத்தின் சிரிப்பு நின்றது. ஜோடிக்கூட்டுக்கு ஓடினார். பெண்புறா எழுந்திருக்கவில்லை. கையை விட்டுத் தூக்கினார். அடியில் ஒரு குஞ்சு தலையை ஆட்டி ஆட்டி வாயைத் திறந்தது. இன்னொன்று தட்டையாகக் கிடந்தது. கையில் எடுத்தார். சில்லென்றிருந்தது. தொண்டைப் பை ஒட்டிப்போயிருந்தது.

"நான் நல்லதுன்னு நெனச்சேன் வாத்தியாரே."

சாதுல்லா சாம்பல் புறாவைக் கூட்டு வாசலில் விட்டார். அது உள்ளே போகாமல் நின்றது. திரும்பி ஓரக்கூண்டைப் பார்த்தது. உள்ளே குஞ்சு கீச்சிட்டது. வெகு நேரம் கழித்துத் தலையைக் குனிந்து நுழைந்தது.

"பால் குடுக்குமா?"

"தெரியல."

வெளியே வால் மட்டும் தெரிந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

தணிகாசலம் செத்த குஞ்சை உள்ளங்கையில் வைத்தபடியே நின்றார். வெயில் இறங்கியது. இன்னொரு கையால் பையை எடுத்தார்.

"நான் எங்க படுக்கட்டும் வாத்தியாரே?"

சாதுல்லா முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"ஓரக்கூண்டு காலியாத்தான் இருக்கு அண்ணே."