விண்ணப்பத்தில் முளைத்த பெரணி

"சவரியம்மா, வெக்கம் வந்தா அதை எப்படிப் போக்கறது?"

கேட்டவர் இன்னாசிமுத்து. மலைமேல் இருந்த ஒரு பொதுப்பூங்காவில் கண்ணாடி வீட்டுக்கு மேற்பார்வையாளர். ஐம்பத்திரண்டு வயது. காலையில் போட்ட மாலையின் கறை சட்டைக் காலரில் இன்னும் போகவில்லை.

சவரியம்மாள் அதே கண்ணாடி வீட்டில் தினக்கூலி. அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பதிவேட்டின்படி அவளுக்கு வேலை தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான். ஆனால் ஃபெர்ன் எனப்படும் பெரணிச் செடியைப் பற்றி இன்னாசிமுத்துவுக்குத் தெரிந்ததெல்லாம் அவளிடம் கற்றது. தோட்டக்காரர்கள் அவரை "சவரியம்மா ஸ்கூல் பையன்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கேட்டும் கேட்காத மாதிரி போய்விடுவார்.

அவள் செங்கல் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"யாருக்கு சார் வெக்கம்?"

"பொதுவா கேக்குறேன்."

"பொதுவா யாருக்கும் வெக்கம் வராது. அந்த அடுப்பைப் பத்த வைங்க."

கண்ணாடி வீட்டின் பின்பக்கம் மூன்று கல் வைத்த அடுப்பு. குனிந்து ஊதினார். மேற்பார்வையாளர் அடுப்பு ஊத வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஆனால் இந்த இடத்தில் கேள்வி கேட்டால் பதில் லேசில் வராது, வேலைதான் வரும்.

மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படித்தான்.

பூங்காவில் ஒரே ஒரு மரப்பெரணி மிஞ்சியிருந்தது. அதுவும் கிழடு. பெரணிக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. இலையின் அடியில் இருக்கும் பழுப்புப் பொடிதான் விதை. பட்டம் வாங்கியவர்கள் வந்து மண்ணில் தூவிப் பார்த்தார்கள். பாசி வந்தது. காளான் வந்தது. பெரணி வரவில்லை.

சவரியம்மாள் ஒரு செங்கல்லைத் தண்ணீரில் வேகவைத்தாள். ஆறியதும் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, பொடியை அதன்மேல் ஊதி, கண்ணாடிக் குடுவையால் மூடினாள்.

"உனக்கு எப்படித் தோணிச்சு?" என்று அன்றைக்கு அவர் கேட்டார்.

அவள் அவர் கையில் இன்னொரு செங்கல்லைக் கொடுத்தாள்.

அறுபது நாள் கழித்து இரண்டு செங்கல்லும் பச்சையாயின. இப்போது தொட்டிகளில் நூற்றுப்பத்துச் செடிகள் நிற்கின்றன.

தண்ணீர் கொதித்தது. சவரியம்மாள் செங்கற்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினாள்.

"சவரியம்மா, நீங்க..."

இப்போதுதான் திரும்பினாள். "என்ன சார், புதுசா 'நீங்க'?"

இன்னாசிமுத்துவுக்குக் காது சுட்டது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவளை நீ என்றுதான் கூப்பிட்டு வந்தார். பாடம் கேட்கும்போதும் நீதான். இன்றைக்கு நாக்கு தானாகப் பணிந்துவிட்டது, அதுவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு ஸ்காலர்ஷிப் கெடைச்சிருக்கு."

"தெரியுமே. காலையில மாலை போட்டாங்க. நானும் கை தட்டினேன்."

அதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. பூங்கா இயக்குநர் மைக்கைப் பிடித்து, "அழிய இருந்த ஒரு செடியைத் தனி ஆளாக மீட்டவர்" என்றார். கூட்டத்தின் கடைசியில், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சவரியம்மாள் கை தட்டினாள். அவருக்கு அப்போது பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

பூங்கா ஊழியர்களுக்கான தொழில் மேம்பாட்டு உதவித்தொகை அது. கடல் தாண்டி ஒரு பெரிய தாவரவியல் தோட்டத்தில் ஆறு மாதப் பயிற்சி. மாநிலம் முழுக்க ஒரே ஓர் இடம். இன்னாசிமுத்து நான்கு முறை விண்ணப்பித்து, நான்கு முறையும் 'வருந்துகிறோம்' என்று பதில் வாங்கியவர். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். ஐந்தாவது முறை படிவத்தில் 'உங்கள் சொந்தப் பங்களிப்பு' என்ற இடம் வந்தபோது, இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் எழுதிவிட்டார்.

சம்மதக் கடிதத்தில் இன்று ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மணி நான்கு தாண்டியிருந்தது. கடிதமும் விண்ணப்ப நகலும் அவர் சட்டைப்பையில் கிடந்தன.

"உங்களுக்கும் விண்ணப்பம் போட முடியுமான்னு விதியைப் பார்த்தேன்," என்றார். "நிரந்தரப் பணியாளர் மட்டும்தான்னு இருக்கு. நான் விட்டுக் குடுத்தாலும் உங்களுக்கு வராது."

"நான் கேட்டேனா சார்?"

"இல்ல."

"அப்ப குமிழியைப் பாருங்க. நின்னாதான் செங்கல்லை எடுக்கணும்."

பார்த்தார். செங்கல்லிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது. விண்ணப்பத்தில் 'அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன்' என்று எழுதியிருந்தார். அவள் கடிகாரத்தையே பார்ப்பதில்லை. குமிழி நின்றதா என்றுதான் பார்க்கிறாள். மூன்று வருடம் பக்கத்திலேயே நின்றும் இதை அவர் கவனிக்கவில்லை. திருடியதைக்கூட ஒழுங்காகத் திருடவில்லையே என்று நினைத்தபோது மனசு இன்னும் கூசியது.

அவள் இரண்டு வார்த்தை திட்டினால் போதும் என்று இருந்தது. திட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடலாம். அந்த நப்பாசையில்தான் இங்கே வந்திருந்தார்.

"பெரணியைப் பத்தி ஃபாரத்துல எழுதியிருக்கேன்," என்றார்.

"அப்படியா? படிங்க, கேப்போம்."

"இங்கிலீஷ்ல இருக்கு."

"தமிழ்ல சொல்லுங்க சார். எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

தாளை எடுத்துப் பிரித்தார். முதல் வரி கண்ணில் பட்டது. 'மூன்று ஆண்டுகள் தனியாக முயன்று இந்த முறையை நான் உருவாக்கினேன்.'

வாயைத் திறந்தார். "எங்கள் பூங்காவில் பணிபுரியும் சவரியம்மாள் இந்த முறையை உருவாக்கினார்" என்று வந்தது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. கண் ஒன்றைப் படித்தது, வாய் வேறொன்றைச் சொன்னது.

"செங்கல்லை வேகவைத்தால் பாசி வராது என்று கண்டவர் அவர். அறுபது நாளும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து, குடுவையைத் திறந்து பார்த்தவர் அவர். நூற்றுப்பத்துச் செடிகளும் அவர் கையால் வளர்ந்தவை. நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்."

இவ்வளவு நல்ல விண்ணப்பத்தை அவர் தன் ஆயுளில் எழுதியதில்லை. இதையும் எழுதவில்லை. உண்மையை ஒப்புக்கொள்ள வந்த மனிதர் இரண்டாவது பொய்யையும் சொல்லி முடித்தார்.

சவரியம்மாள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்," என்றாள்.

தாளை மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க, இருங்க."

எழுந்து போய்க் கையைக் கழுவினாள். புடவையில் ஒரு முறை துடைத்து, திருப்பி இன்னொரு முறை துடைத்தாள். வந்து அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"என் பேரு இங்கிலீஷ்ல எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்ல. எங்க இருக்கு? விரல் வச்சுக் காட்டுங்க."

இன்னாசிமுத்துவின் விரல் முதல் வரியில் இறங்கியது. மெல்ல நகர்ந்தது. இரண்டாம் வரி. மூன்றாம் வரி. சவரியம்மாளின் கண்ணும் விரலோடு கூடவே போனது.

முதல் பக்கம் முடிந்தது. திருப்பினார்.

அலுவலக வாசலிலிருந்து பியூன் கத்தினார். "சார், அஞ்சு மணி ஆகப்போகுது! கடிதத்தைக் கேக்குறாங்க!"

விரல் அசையவில்லை.

"அவசரமில்ல சார்," என்றாள் சவரியம்மாள். "நிதானமாத் தேடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."