வண்டியைத் தொடாத ரேடியோ

"மூணாவது ரேடியோவும் எரிஞ்சு போச்சு, வாத்தியாரம்மா," என்றார் மாசிலாமணி.

ஜெசிந்தா நிமிரவில்லை. யாருடைய ஜீப்புக்கோ உரிய டைனமோ ஒன்று அவள் மடியில் பிரிந்து கிடந்தது.

"புகை வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன வாசனை?"

மாசிலாமணி யோசித்தார். "கருகின வெல்லம் மாதிரி."

"அப்ப நல்லாத்தான் எரிஞ்சிருக்கு."

குன்னூரில், தேயிலைச் சரிவு ரோட்டைத் தொடும் இடத்தில் இருந்தது அவளுடைய ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறை. அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அவளுக்கு அதில் பாதி. தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வயரும் விளக்கும் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்தார். கற்றுத் தருகிறேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. உட்கார ஒரு காலி கிரீஸ் டப்பாவைக் காட்டினாள். அவ்வளவுதான்.

வெளியே அவர் கார் நின்றது. இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, துணிக்கூரை, நீண்ட மூக்கு. எஸ்டேட் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது மாசிலாமணியின் அப்பாவிடம் விட்டுப் போனது. அதில் ரேடியோ இருந்ததே இல்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அது பாடியாகணும்," என்றார்.

"ஏன் சார், வண்டிக்குக் கல்யாணமா?"

"மேகலையை மேட்டுப்பாளையத்துல ரயிலேத்தணும்."

மேகலை அவருடைய ஒரே மகள். பெங்களூரில் இருக்கும் புருஷன் வீட்டிலிருந்து மழைக்காலத்தில் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று சொல்லவில்லை. அவர் கேட்டார். அவள் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு விதமாகக் கேட்டார். கதவு சாத்திக்கொண்டது. கெஞ்சிக் கேட்டார், அதட்டிக் கேட்டார், செத்துப்போன அவள் அம்மாவின் பேரைச் சொல்லிக் கேட்டார். அப்புறம் அந்த வீட்டில் கதவுச் சத்தம் மட்டும்தான் பேச்சாக மிஞ்சியது. இப்போது சென்னையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. போகிறாள்.

"டாக்சி சொல்றேன்னேன். வேணாம், நம்ம வண்டியிலயே போகலாம்னா. வந்ததுலேர்ந்து அவ பேசின நீளமான வாக்கியம் அதுதான்."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? ரெண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்து மலை இறங்கணும். நடுவுல சாத்திக்க ஒரு கதவு கிடையாது. என் வாய் சும்மா இருக்காது, கேட்டுடுவேன். கேட்டேன்னா அவ இந்த மலைக்கே திரும்ப வரமாட்டா, எனக்குத் தெரியும். ரேடியோ பாடிக்கிட்டு இருந்தா நான் பேச வேண்டியதில்லை."

ஜெசிந்தா டைனமோவைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, காரின் மூக்கைத் திறந்தாள்.

"ரேடியோவுல கறுப்பு வயரை எங்க குடுத்தீங்க?"

"வண்டி உடம்புல. கறுப்புதானே மைனஸ், எர்த்."

"யார் சொன்னா?"

"உலகமே சொல்லுது."

"வண்டி சொல்லுச்சா?"

அவள் பேட்டரியின் மேல் விரலை வைத்தாள். அதிலிருந்து தடித்த வயர் ஒன்று புறப்பட்டு வண்டியின் இரும்பு உடம்பில் முறுக்கி நின்றது. எந்தப் பக்கத்திலிருந்து புறப்படுகிறது என்று மாசிலாமணி மறுபடி குனிந்து பார்த்தார். பிளஸ் பக்கத்திலிருந்து.

"நானும் முன்னாடியே கவனிச்சேன். மத்த வண்டியில மைனஸ்தானே உடம்புக்குப் போகும்? எவனோ மெக்கானிக் மாத்தி மாட்டிட்டான்னு நினைச்சேன்."

"யாரும் மாத்தல. இது பொறந்ததே அப்படித்தான்."

"அதாவது, தலைகீழா?"

"யாருக்குத் தலைகீழ்?"

மாசிலாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா காலத்திலிருந்து ஓட்டுகிற வண்டி. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, மழையில் துடைப்பான் ஆடுகிறது. இத்தனை வருஷம் உள்ளே எல்லாம் எதிர்ப்புறமாக ஓடிக்கொண்டிருந்ததா? அவர் காரைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஆள் மாதிரி அது அவரைப் பார்த்தது.

"சரி, பேட்டரியைத் திருப்பிப் போட்டுடலாமா?"

"போடலாம். சில சாமான் மாத்தணும். செய்ய முடியாததில்ல."

"செஞ்சுடுவோமே."

"இத்தனை வருஷம் நின்ன மாதிரியே நிக்குது பாவம். நேத்து வந்த ரேடியோவுக்காக அது மாறணுமா?"

"அப்ப ரேடியோவை மாத்து."

"அதுவும் மாறாது."

"வாத்தியாரம்மா, இது மாறாது, அதுவும் மாறாது. ரெண்டும் சேர்ந்தா புகை. நான் என்னதான் செய்யறது?"

அவள் உள்ளே போய், பழைய தேயிலைப் பெட்டியின் பலகை இரண்டையும் ஒரு கிழிந்த சைக்கிள் டியூபையும் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். பிறகு டைனமோவிடம் போய்விட்டாள்.

மாசிலாமணி பலகைகளை எடுத்து அளந்து பார்த்தார்.

மறுநாள் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். நாலாவது ரேடியோ அதற்குள் உட்கார்ந்திருந்தது. அதன் இரும்புக்கூடு எந்த இடத்திலும் வண்டியில் படாதபடி சுற்றிலும் ரப்பர். சிவப்பு வயரை வண்டி உடம்பில் கொடுத்தார். கறுப்பைப் பேட்டரியின் மைனஸ் பக்கம், ஃப்யூஸ் வழியாகக் கொடுத்தார். கற்றது அத்தனையும் 'தப்பு, தப்பு' என்று காதுக்குள் கத்தியது.

திருகினார்.

ரேடியோவில் வெளிச்சம் வந்தது. புகை வரவில்லை. சர்ர்ர் என்று எண்ணெயில் அப்பளம் போட்டது மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"வாத்தியாரம்மா! உசுரு இருக்கு!"

"பாட்டு?"

"ஏரியல் மாட்டலியே இன்னும்."

முன்சக்கரத்துக்கு மேலே, தகரத்தில் ஏற்கெனவே ஓட்டை போட்டு வைத்திருந்தார். கடையில் வாங்கிய பளபளப்பான ஏரியல் கம்பியை அதில் நிறுத்தினார், அசையாதபடி திருகி இறுக்கினார். அதன் வயரை ரேடியோவின் முதுகில் செருகினார்.

பட்.

வெளிச்சம் போயிற்று.

இந்த முறை ஃப்யூஸ் மட்டும்தான் போயிருந்தது. ஆனாலும் அவர் கிரீஸ் டப்பாவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்துக்கும் ரப்பர் சுத்தினேன்மா. ஒரு இடம் விடல."

ஜெசிந்தா வந்து பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. "ரேடியோ கடைக்காரர் உங்க போட்டோவை மாட்டி ஊதுபத்தி கொளுத்தறாராமே?"

"கேலி பண்ணாதே. எங்க தப்பு?"

"அந்தக் கம்பி எது மேல நிக்குது?"

"வண்டி மேல."

"அதோட அடி, வயர் வழியா ரேடியோ உடம்போட சேர்ந்தது."

அவருக்குப் பாதி புரிந்தது. பெட்டியெல்லாம் கட்டிக் காப்பாற்றிவிட்டு, கடைசியில் அதன் காதைக் கொண்டுபோய் வண்டியில் அறைந்திருக்கிறார்.

"பின்ன எப்படி? எதையாவது கெட்டியாப் பிடிச்சு நின்னாத்தானே அதுக்குக் காது கேக்கும்?"

"கேக்கறதுக்குத் தொடணுமா சார்?"

அவள் ஏரியல் கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஒரு சாதாரண வயரை எடுத்து, ஒரு முனையை ரேடியோவில் செருகி, மறுமுனையை முன்கண்ணாடியின் உள்பக்கம் இழுத்து, டேப்பால் ஒட்டினாள். புது ஃப்யூஸ் போட்டாள்.

திருகியதும், யாரோ ஒருத்தி எங்கிருந்தோ பாடினாள். பழைய பாட்டு. மாசிலாமணிக்குக் கண் கலங்கியது.

"மலைப்பாதை முழுக்க வருமா?"

"வளைவுல விட்டுப்போகும். மலை மறைக்கும்."

"விட்டுப்போனா?"

அவள் மிச்சமிருந்த டியூபிலிருந்து விரலளவு ஒரு துண்டு நறுக்கி அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"இது எதுக்கு? எதுக்கு மேல சுத்தணும்?"

அவள் ஏற்கெனவே டைனமோவின் பக்கம் திரும்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். மேகலை ஏறி உட்கார்ந்தாள். ரேடியோவைத் திருகினார். அது சமர்த்தாகப் பாடியது. மகள் ஏறிட்டுப் பார்த்தாள். பாட்டு பேசட்டும் என்று மாசிலாமணி நிம்மதியாக வண்டியை இறக்கினார்.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பாட்டு அறுந்தது.

சர்ர்ர்.

எஞ்சின் மட்டும் முனகியது. பாறைகளில் தண்ணீர் வழிந்தது. உள்ளிருந்து கேள்வி கிளம்புவது அவருக்குத் தெரிந்தது. ஏம்மா வந்துட்ட? என்னம்மா நடந்துச்சு? நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலக் கை சட்டைப்பைக்குப் போனது. ரப்பர் துண்டு விரலில் பட்டது. ஜில்லென்றிருந்தது.

இதை எதற்குக் கொடுத்தாள்?

அந்த யோசனையில் ஒரு வளைவு போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பாதி வழியில் பர்லியார் பழக்கடைகள் வந்தன. மதில் மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேகலை மரப்பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இது ஏன் வண்டியில எங்கயும் படாம நிக்குது?"

"பட்டா எரிஞ்சுடும்மா."

"ரிப்பேரா?"

"ரெண்டுலயும் ரிப்பேர் இல்ல. அது ஒரு மாதிரி, இது ஒரு மாதிரி."

அவள் மறுபடி ரோட்டைப் பார்த்தாள். அவர் ரப்பர் துண்டை உள்ளங்கையில் வைத்து, ஸ்டியரிங்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மரங்கள் ஓடின. அடுத்த வளைவில் அவள் தொண்டையைச் செருமினாள்.

"நீங்க கேக்கவே இல்லியேப்பா இன்னிக்கு."

அவர் ரப்பர் துண்டை அழுத்திப் பிடித்து அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினார்.

"கொஞ்சம் ஓரமா நிறுத்துங்கப்பா," என்றாள் மேகலை.

அவர் ஒரு பலாமரத்தடியில் நிறுத்தினார். அந்த இடத்தில் மலை விலகியிருந்தது. ரேடியோ திடீரென்று பிழைத்துக்கொண்டு உரக்கப் பாட ஆரம்பித்தது.

மாசிலாமணி கையை நீட்டி அதை அணைத்தார்.